மூன்றாவது கைக்குப் போகும்போதுதான் காரின் விலை தெரியும்

"உங்களைப் போன்ற கார் பைத்தியங்கள் சாதாரண கார்களை மதிப்பதுண்டா? மின்சார கார் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் காலம் வந்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டாக இருந்தாலும் எனக்கு இரண்டும் ஒன்றில்தான் போய் முடிகிறது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் மதிப்பு. 600 குதிரைத்திறன் கார் செய்யப் பணம் இருந்தால் போதும். நாலு பேர் வசதியாக உட்கார வேண்டும், சாமான் வைக்க இடம் வேண்டும், குறுகலான தெருவில் திரும்ப வேண்டும், பதினைந்து வருஷம் உழைக்க வேண்டும், அதெல்லாம் சம்பளக்காரர் வாங்கும் விலைக்குள் அடங்க வேண்டும் என்றால் மூளை வேண்டும். 1959-இல் அலெக் இசிகோனிஸ் செய்த மினியைப் பாருங்கள். மொத்த நீளமே 3 மீட்டர் சொச்சம். எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே சொருகினார், சக்கரத்தை 10 அங்குலமாகச் சுருக்கினார். தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் ஓடியது ஒரு தலைவலிதான். அதைப் பிரித்து, கியர்பாக்ஸை எஞ்சினின் பக்கவாட்டில் வைத்து ஒழுங்குபடுத்தியவர் ஃபியட்டின் தாந்தே ஜாக்கோசா. 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் சோதித்து, 1969-இல் ஃபியட் 128-இல் கொண்டுவந்தார். இன்று தெருவில் ஓடும் முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வாரிசுகள்தான்.

இன்னொன்று, 2001-இல் வந்த முதல் தலைமுறை ஹோண்டா ஜாஸ். பெட்ரோல் டாங்க்கைப் பின்சீட்டுக்கு அடியில் வைப்பதுதான் வழக்கம். ஹோண்டா அதை முன்சீட்டுகளுக்கு அடியில் தள்ளியது. அவ்வளவுதான் செய்தது. ஆனால் அதனால் பின்சீட்டின் உட்காரும் பலகையை மேலே தூக்கி முதுகுப்பலகையோடு நிறுத்திவிட முடிந்தது. காலை வைக்கும் தரையிலிருந்து கூரைவரை காலி இடம். ஆளுயரச் செடியைத் தொட்டியோடு நிமிர்த்தியபடியே ஏற்றிக்கொண்டு போகலாம். இந்த மாதிரி யோசனைக்குத்தான் நான் தொப்பியைக் கழற்றுவேன். மூன்று நொடியில் 100 கிலோமீட்டர் வேகம் தொடும் கார்களைப் பார்த்துக் கைதட்டுவது முன்பு சுகமாக இருந்தது. இன்று இரண்டு டன் குடும்ப வண்டிகளே அதைச் செய்கின்றன, கொட்டாவி வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கார் "எல்லோருக்குமான கார்" ஆகிவிட்டதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஓர் உரைகல்தான் உண்டு. அதன் மூன்றாவது உரிமையாளர். முதல் ஆளுக்குக் கடனும் உத்தரவாதமும் கம்பெனி சர்வீஸும் இருக்கும். இரண்டாம் ஆளுக்கு உத்தரவாதத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும். மூன்றாம் ஆள் வாங்கும்போது வண்டிக்குப் பத்து, பன்னிரண்டு வயது. அவர் கையில் இருப்பது காசும் நம்பிக்கையும், பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும்தான். அவருக்கு அந்த வண்டி இன்னும் ஐந்தாறு வருஷம் கையைக் கடிக்காமல் ஓடினால், அந்த நம்பிக்கை இரண்டாம் ஆளின் விலையைத் தூக்கிப் பிடிக்கும், அது முதல் ஆளின் இழப்பைக் குறைக்கும். உலகில் அதிகம் பேர் கார் வாங்குவது இந்தச் சங்கிலியின் பின்பகுதியில்தான். ஷோரூம் விலையை மட்டும் வைத்து "கட்டுப்படியாகும், ஆகாது" என்று பேசுவது பாதிக் கணக்கு.

டொயோட்டா கொரோலா 1966-இல் வந்தது. 2021-இல் அதன் விற்பனை ஐந்து கோடியைத் தாண்டியது. ஓட்டுவதற்குப் பரவசமான கார் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் எந்த நாட்டுக்குப் போனாலும் அதன் உதிரிபாகம் கிடைக்கும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை கிடைக்கும். மூன்றாவது உரிமையாளரின் கார் என்றால் அது.

மின்காருக்கு இந்த உரைகல்லைப் போட்டால் என்ன தெரிகிறது?

பேட்டரி விலையில் தொடங்குவோம். லித்தியம் அயான் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2010-இல் ஒரு கிலோவாட்மணிக்கு 1000 டாலருக்கும் மேல் இருந்தது. (கிலோவாட்மணி என்பது மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான், இனி யூனிட் என்றே சொல்கிறேன்.) புளூம்பெர்க்என்இஎஃப் என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024-இல் அது 115 டாலர். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் மின்காரின் விலையும் சரிந்திருக்க வேண்டுமே, ஏன் அந்த அளவுக்குச் சரியவில்லை?

மிச்சமான காசு பெரிய பேட்டரியிலும் பெரிய உடம்பிலும் போய்விட்டது. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் 24 யூனிட் பேட்டரியோடு வந்தது. இன்று குடும்பக் கார் என்ற பெயரில் விற்கப்படுவது 60, 70, 80 யூனிட். வாங்குகிறவருக்கு "ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம்" என்ற ஒரே எண்தான் கண்ணில் படுகிறது. விற்கிறவருக்குப் பெரிய வண்டியில்தான் லாபம். காற்றுப்பை, பிரேக் கட்டுப்பாடு, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் சின்ன காருக்கும் பெரிய காருக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. சின்ன காரில் அந்தச் செலவை ஏற்றி விற்க இடமில்லை. அதனால் கம்பெனிகள் சின்ன காரையே கைகழுவுகின்றன.

இதன் உச்சம் ஜிஎம்சி ஹம்மர் மின்கார். வண்டி நாலு டன்னுக்கும் மேல். பேட்டரி மட்டும் சுமார் 1300 கிலோ. டாசியா ஸ்பிரிங் என்ற சின்ன மின்காரின் மொத்த எடையே ஒரு டன்னுக்குக் குறைவு. அதாவது ஹம்மர் தன் தரைக்கு அடியில் ஒரு முழு காரைவிடக் கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. ஸ்பிரிங்கின் பேட்டரி முதலில் 26.8 யூனிட், மோட்டார் 33 கிலோவாட். அந்த ஒரு ஹம்மருக்குப் போகும் பேட்டரி செல்களை வைத்து ஏழு ஸ்பிரிங் செய்யலாம். ஸ்பிரிங்கை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை, 2021-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் அது ஐந்துக்கு ஒரே நட்சத்திரம்தான் வாங்கியது. மலிவு எங்கே வெட்டப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் எடையையும் பேட்டரியையும் சுருக்குவதுதான் விலையைக் குறைக்கும் நேர்வழி என்ற அடிப்படை யோசனை சரி. 2023-இல் சீன நிறுவனமான பிஒய்டி கொண்டுவந்த சீகல் 30 யூனிட், 38 யூனிட் சொச்சம் என இரண்டு பேட்டரிகளோடு அதே வழியில் போகிறது. ஒரு நாளைக்கு 40, 50 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 30 யூனிட் என்பது தாராளம். வருஷத்தில் இரண்டு நெடும்பயணத்துக்காக மீதி நாளெல்லாம் 300 கிலோ கூடுதல் பேட்டரியைச் சுமப்பதற்கு வட்டியும் கட்டுகிறோம், டயரையும் தேய்க்கிறோம்.

விலை ஒரு பக்கம். மூன்றாவது கைக்கு வண்டி எந்த நிலையில் போய்ச் சேரும் என்பதுதான் எனக்கு முக்கியம். அங்கே பழைய லீஃப் நல்ல பாடம்.

அதன் பேட்டரிக்குக் குளிரூட்டும் திரவம் கிடையாது; வெறும் காற்றுதான், அதுவும் மூடிய பெட்டிக்குள். டாஷ்போர்டின் வலது ஓரத்தில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்ட 12 கோடுகள் இருக்கும். முதல் கோடு மறையும்போதே ஏறத்தாழ 15 சதவீதம் போயிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் 6 சதவீதம் சொச்சம். 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய லீஃப்களில் இந்தக் கோடுகள் சீக்கிரமே மறையத் தொடங்கின. நிசான் அடுத்த வருஷம் 9 கோடுகள் வரைக்குமான கொள்ளளவு உத்தரவாதத்தைச் சேர்த்தது, பிறகு வெப்பம் தாங்கும் ரசாயனக் கலவைக்கு மாறியது. ஆனாலும் "மின்கார் பேட்டரி அஞ்சு வருஷத்தில் செத்துவிடும்" என்று இன்றும் பேசுகிறார்களே, அந்தப் பயத்தின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது. திரவக் குளிரூட்டல் உள்ள பேட்டரிகளுக்கு அந்தக் கதை பொருந்தாது. எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்கு 70 சதவீதம் கொள்ளளவு என்ற உத்தரவாதம் இப்போது சர்வசாதாரணம்.

வேடிக்கை என்னவென்றால், வெயிலில் வாடிய அதே லீஃப்தான் மெக்கானிக்குகளுக்குச் செல்லப்பிள்ளை. பெட்டியைத் திறந்தால் உள்ளே 48 தகரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நாலு செல், போல்ட் போட்டு அடுக்கியிருக்கும். 192 செல்லும் இரண்டிரண்டாக இணைந்து 96 ஜோடிகளாகத் தொடரும். அந்த 96-இல் ஒன்று பலவீனமானால் முழுத் தொகுப்பும் அதன் கட்டளைக்குத்தான் கட்டுப்படும். அது காலியானதும் கார் நின்றுவிடும். விவரம் தெரிந்தவர் அந்த ஒரு பெட்டியைக் கழற்றி, விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்த நல்ல பெட்டி ஒன்றைப் பூட்டிவிடுவார். முழு பேட்டரி விலையில் ஒரு துளி செலவு.

இப்போது வரும் பேட்டரிகள் அப்படி இல்லை. 2020-இல் பிஒய்டி அறிமுகப்படுத்திய பிளேடு பேட்டரியில் நடுவில் பெட்டிகளே கிடையாது. நீளமான செல்களை நேராகத் தொகுப்புக்குள் அடுக்கிவிடுகிறார்கள். இடம் மிச்சம், எடை மிச்சம், காசும் மிச்சம். இன்னும் சில கம்பெனிகள் பேட்டரியையே காரின் தரையாக்கி, உள்ளே பசையோ நுரையோ ஊற்றி இறுக்கிவிடுகின்றன. காரின் விலை இறங்க இது பெரிய காரணம். ஆனால் ஒரு செல் கெட்டால் பிரிக்க வழியில்லை. அடியில் கல் அடித்துப் பேட்டரி உறை நெளிந்தாலே இன்ஷூரன்ஸ்காரர் வண்டியை மொத்த நஷ்டம் என்று எழுதிவிடும் நிலை வரலாம். முதல் உரிமையாளருக்கு விலையைக் குறைக்கும் அதே வேலை, மூன்றாவது உரிமையாளரின் ஸ்பானருக்குக் கதவை அடைக்கிறது. மின்கார் மலிவாகிவிட்டது என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் புதிய தொகுப்புகளில் பெரும்பாலும் இருப்பது எல்எஃப்பி என்ற இரும்பு பாஸ்பேட் செல். நிக்கலும் கோபால்ட்டும் தேவையில்லாததால் மலிவு, தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். அதே எடைக்குக் கொஞ்சம் குறைவான தூரம் கொடுக்கும், கடுங்குளிரில் சோம்பும். அன்றாட காருக்கு இவை பெரிய குறைகள் இல்லை. பேட்டரி காரைவிட அதிக நாள் வாழ்ந்துவிட்டால் அதைப் பிரிக்க வேண்டிய அவசியமே எழாது என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன். செல் எளிதில் தானாகக் கெடாது என்பது சரி; ஆனால் விபத்து, வெள்ளம், கசிவு என்று பேட்டரிக்குக் கெடுதல் வெளியிலிருந்தும் வரும்.

பேட்டரியை வாடகைக்கு விடுவது இன்னொரு வழி. காரின் விலை குறைந்ததுபோல் தெரியும். 2012-இல் வந்த ரெனோ ஸோயியை ஐரோப்பாவில் பல வருஷம் அப்படித்தான் விற்றார்கள். முதல் ஆள் சந்தோஷமாக வாங்கினார். அவர் விற்கப் போனபோது, வாங்க வந்தவர் காரோடு மாத வாடகையையும் சேர்த்தே தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டியின் விலை படுத்துவிட்டது. கார் பத்து வயதாகி மலிந்த பிறகும் வாடகை மலியாது அல்லவா? இப்போது வேறு பெயர்களில் அதே திட்டம் மறுபடியும் தலைகாட்டுகிறது. கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓட்டும் செலவைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர் விலை வேறு, அதனால் விலையைச் சொல்லாமல் கணக்கை மட்டும் தருகிறேன். சின்ன பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 6 லிட்டர் குடிக்கும். அதே அளவு மின்கார் 15 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏற்றும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் 16, 17. ஆக ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையை இரண்டே முக்கால் யூனிட் செய்துவிடுகிறது. ஒரு லிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். எஞ்சின் அதில் கால்பங்கு சொச்சத்தைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது, மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியே போகிறது. இனி உங்கள் ஊர் பெட்ரோல் விலையை 2.75-ஆல் வகுத்துப் பாருங்கள். வீட்டு மின்சாரம் பெரும்பாலும் அந்த எண்ணுக்கு வெகு கீழே இருக்கும். சாலையோர அதிவேக சார்ஜரின் யூனிட் விலை பல இடங்களில் அதை எட்டிப் பிடிக்கும், சில இடங்களில் தாண்டியும் போகும்.

அதனால் மின்கார் கட்டுப்படியாகுமா என்பதில் பாதி, உங்கள் வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சொந்த இடத்தில் ஒரு சாதாரண பிளக் பாயிண்ட் இருந்தாலே 2 கிலோவாட்டுக்குக் குறையாமல் ஏறும். இரவு பத்து மணி நேரத்தில் 20 யூனிட், அதாவது 120 கிலோமீட்டருக்குமேல். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது. அடுக்குமாடியில் தெருவில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் சிக்கல். மாதம் முழுவதும் வெளிச் சார்ஜரை நம்பி, 80 சதவீதத்துக்கு மேல் வேகம் படுத்துவிடும் பேட்டரியின் முன் காத்துக்கிடந்து ஓட்டினால் பணமும் மிஞ்சாது, நேரமும் மிஞ்சாது. அவர்களுக்கு நான் கூச்சமில்லாமல் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) சொல்வேன். 1997-இல் வந்த டொயோட்டா பிரியஸின் அமைப்பில் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, மாற்றும் கியர்கள் இல்லை; ஒரே ஒரு கோள்சக்கரத் தொகுதி எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. பார்க்கச் சிக்கல், உழைப்பில் கல்லுப்பிள்ளையார். உலகம் முழுக்க டாக்ஸிக்காரர்கள் அதைத் தேடி வாங்குவது சுற்றுச்சூழல் அக்கறையால் மட்டும் அல்ல.

ஓட்டும் சுகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியாது. நகரத்து நெரிசலில் சின்ன மின்கார் ஓட்டுவது நல்ல அனுபவம். மிதித்த கணத்தில் பாயும், அதிர்வு இல்லை, காலை எடுத்தால் தானே வேகம் குறைந்து பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தரும். வளைவுச் சாலையில் எடை காட்டிக்கொடுத்துவிடும். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்குக் குறைவு. அதன் ஸ்டியரிங்கில் விரல்நுனிக்கு வரும் செய்தி இன்றைய எந்த மின்காரிலும் எனக்குக் கிடைக்கவில்லை. வேலைக்குப் போய்வர அது தேவையும் இல்லை.

பட்ஜெட் இறுக்கமாக இருந்து, வீட்டில் பிளக்கும் இருந்தால், புதியதைவிட மூன்று, நாலு வயது மின்காரைத்தான் பார்க்கச் சொல்வேன். மின்கார்கள் முதல் சில வருஷத்தில் விலை வேகமாக இறங்குகின்றன. அந்த இழப்பை வேறொருவர் தாங்கியிருப்பார், பேட்டரி உத்தரவாதத்தில் பாதியாவது உங்களுக்கு மிஞ்சும். பார்க்கப் போகும்போது மைலேஜைவிட மற்றவற்றைக் கவனியுங்கள். பேட்டரி உங்கள் பெயருக்கே வருகிறதா, வாடகை ஒப்பந்தம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஆவணத்தில் பாருங்கள். உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, பேட்டரி உறையின் அடிப்பகுதியில் நெளிவு, கீறல், துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மாடல் என்றால் அதன் ஆப் இன்னும் வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். 2ஜி, 3ஜி சேவை நின்றபோது ஆரம்பகால மின்கார்கள் சிலவற்றில் அந்த வசதியே போய்விட்டது. வண்டி "செத்துவிட்டது" என்று மலிவாக வந்தால் ஆசைப்படுவதற்கு முன் 12 வோல்ட் சின்ன பேட்டரியைச் சோதியுங்கள். மின்காரிலும் அது உண்டு, அது படுத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண்விழிக்காது.

கடைசியாக, ஓபிடி துளையில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்க டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் துளை) செருகும் சின்னக் கருவி ஒன்றும் போனில் அந்த மாடலுக்கான ஆப்பும் இருந்தால் செல்களின் மின்னழுத்தத்தை நீங்களே படிக்கலாம். எல்எஃப்பி பேட்டரியில் ஒரு நுணுக்கம்: நடுப்பகுதியில் அதன் மின்னழுத்தம் தட்டையாக இருக்கும், அதனால் 50 சதவீதத்தில் பார்த்தால் நல்ல செல்லும் நோஞ்சான் செல்லும் ஒரே மாதிரி தெரியும். விற்பவரிடம் முந்தைய நாள் 100 சதவீதம் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், பிறகு வண்டியை நன்றாக ஓட்டி 15, 20 சதவீதத்துக்கு இறக்கிவிட்டுப் படியுங்கள். மின்னழுத்தம் அதிகமான செல்லுக்கும் குறைவான செல்லுக்கும் இடைவெளி சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பேரம் பேசலாம். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட்டு நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் கீழே தொங்கினால், விற்பவர் அவ்வளவு தூரம் ஓட்ட அனுமதித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.